குடித்த நாளின் மாத்திரை

5 பிப்ரவரி 2024, திங்கள்

கிங்ஸ்லிக்கு ரத்தத்தில் வைரஸ் அளவு மறுபடி ஏறியிருக்கிறது. நாளை மருந்து தரும் மையத்தில் என் மகனுக்காகக் கேட்க வேண்டியவை. எழுதிக்கொண்டு போகாவிட்டால் எனக்கு நாக்கு எழாது.

1. இரண்டு வருடமாக எச்.ஐ.வி. மருந்து கொடுப்பவர்கள், அவன் குடிக்கிறானா என்று ஒருநாளாவது கேட்டார்களா?
2. மருந்துக்கு ஓர் இடம், குடியை நிறுத்த ஓர் இடம் என்று ஏன் அலைய விடுகிறார்கள்?
3. குடித்த அன்று மாத்திரை கொடுக்காமல் நான் அவனைக் காப்பாற்றி வருவதைக் குறித்துக்கொள்வார்களா?

6 பிப்ரவரி

ஆலோசகர் யூனிஸ் மீதமிருந்த மாத்திரைகளை எண்ணிவிட்டு, வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே அவனைக் கடிந்தாள். சாராய வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது. முப்பத்தொரு வருடம் வகுப்பில் பேசியவன் நான். கோழை.

8 பிப்ரவரி

குடிநோய் வார்டு. எச்.ஐ.வி. மையத்துச் சீட்டைப் பார்த்ததும் அங்கிருந்த ஊழியர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “மொதல்ல அந்த வியாதியப் பாத்துட்டு வாரும் வே. இங்கன மத்தவங்களும் படுக்காங்கல்லா.”

பஸ்ஸில் கிங்ஸ்லி சொன்னான்: “என்னையப் பாதிப் பாதியா அறுத்துத் தந்தா ரெண்டு இடத்துலயும் சேப்பானுவளோப்பா?”

சிரித்துவிட்டேன். சேரன்மகாதேவியில் இறங்கியதும் குடிக்கப் போய்விட்டான். மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

12 பிப்ரவரி

தனியாகப் போய்த் தாளைக் கொடுத்தே விட்டேன். முதல் இரண்டும் உள்ளதுதான் என்றாள் யூனிஸ். மூன்றாவதில் நிறுத்தினாள்.

“குடிச்ச அன்னைக்கும் மாத்திரைய விடப்பிடாது சார். விட்டாத்தான் மருந்து கேக்காமப் போவும். ஒங்களுக்கு இத யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. நானாக முடிவு செய்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் ஒருத்தரும் இல்லையே? குடிக்கானான்னு கேட்டிருந்தாத்தானே நானும் சொல்லியிருப்பேன்? ரெண்டு வருசமா என்ன செஞ்சீங்க எல்லாரும் — சத்தமாகவே கேட்டுவிட்டேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் தாளோடு டாக்டர் அறைக்குள் போனாள்.

13 பிப்ரவரி

காலண்டரில் நான் வட்டமிட்ட குடித்த நாட்கள், போன மாதம் மட்டும் பதினொன்று. ஏச்சு வாங்கியவன் அவன்.

20 பிப்ரவரி, செவ்வாய்

இன்று யூனிஸ் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவனிடம் குடியைப் பற்றி அரைமணி நேரம் கேட்டாள். இனிச் செவ்வாய்தோறும் குடிக்கான டாக்டரும் அதே அறைக்கு வருவாராம். இதற்கு இரண்டு வருடம்!

சாயங்காலம் தள்ளாடித்தான் வந்தான். பீரோவைத் திறந்து மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன்.

“குடிச்சிருக்கேம்ப்பா. ஆகாதும்பீங்களே.”

“போட்டுக்கோ.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினான். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

தாளில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.