கேமராவில் மிச்சம் இருந்த பத்துப் படங்கள்

பாலக்கோடு
6.12.2024

அன்பு மகன் ஜமீருக்கு அம்மாவின் ஸலாம். ஷார்ஜாவில் நீ நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே நானும் உன் அத்தாவும் இருக்கிறோம், குளிரில் என் முழங்கால் வலி கூடியிருக்கிறது. போன வார மழையில் தக்காளி வயலிலேயே அழுகி மண்டிக்கு வரத்தே இல்லை, அத்தா மதியமே கடையைப் பூட்டினாலும் வீட்டுக்கு வராமல் பள்ளிவாசலில் உட்கார்ந்துகொள்கிறார். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், அறையில் நாலு பேர் கேட்பார்கள், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

உன் பெண்டாட்டி மெஹ்ஜபீனை விலக்கிவிட ஜமாஅத்துக்கு எழுதப்போவதாக அத்தாவிடம் சொன்னாயாம். அதற்கு முன் அக்டோபரில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கே வால் நட்சத்திரம் தெரிந்த அந்த வாரம் நீ விட்டுப்போன பழைய கேமராவை எடுத்துக்கொண்டு அவள் தினமும் அந்தியில் மஃரிப் தொழுததும் மொட்டை மாடிக்கு ஏறினாள். ஸ்டாண்டு கிடையாது, செங்கல் இரண்டை அடுக்கி மேலே அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து அதில் கேமராவை அழுத்திவைப்பாள், விரல் பட்டால்கூட ஆடும் என்று டைமர் போட்டு எடுப்பாள். நானும் கூடப் போவேன். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று காவலுக்குத்தான் போனேன், ஆனால் அவள் நான் ஆசையாக வருவதாக நினைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். வெளிச்சம் போதாததால் படம் முழுக்க மணல் தூவினமாதிரி புள்ளி விழும், அதற்கு நாய்ஸ் என்று பேராம், ஒவ்வொரு படத்திலும் அது இடம் மாறி விழும், நட்சத்திரம் மாறாது, அதனால் நாற்பது படத்தைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் புள்ளியெல்லாம் கரைந்து வால் மட்டும் தெளிவாக நிற்கும் என்றாள். கேமராவே உண்டாக்கும் புள்ளியைக் கழிக்க லென்ஸை மூடியும் பத்துப் படம் எடுக்க வேண்டுமாம். ஆடிப்போன படங்களை அழிக்கும் பட்டனைக் காட்டி அந்த வேலையை என்னிடமே கொடுப்பாள்.

நாலு நாள் மேகம். ஞாயிற்றுக்கிழமை வானம் திறந்தது, நாற்பதும் எடுத்துவிட்டாள். மறுநாள் அவள் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் பொருத்தி, பிள்ளைகளுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. ஹெட்மிஸ்ட்ரஸ் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் மாமி என்று மாடிப்படி இறங்கும்போது சொன்னாள். கல்யாணத்தன்று நான் நிறுத்திய வேலை அது. அவள் அடுப்படிக்குப் போனதும் நான் கேமராவை எடுத்தேன். நாற்பதையும் ஒவ்வொன்றாக அழித்தேன், லென்ஸை மூடி எடுத்த பத்தை மட்டும் விட்டுவைத்தேன். அவசரப்படவில்லை ஜமீர்.

காலையில் பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கறுப்புப் படம் பத்தும் அப்படியே இருப்பதை எனக்கே திருப்பிக் காட்டி, “தெரிஞ்சேதான் அழிச்சீங்களா மாமி?” என்றாள். எல்லாமே இருட்டாத்தானே இருந்துச்சு, எனக்கென்ன தெரியும் என்றேன். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது, வானம் வெளுத்தபோது நட்சத்திரம் மங்கிப்போயிருந்தது, இனி நம் பரம்பரையில் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லையாம். அவள் உன்னிடம் போனில் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். “எங்கம்மாவுக்கு கேமராவைப் பத்தி என்னடி தெரியும், படிச்ச திமிரு உனக்கு” என்று நீ கத்தினாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். மறுநாள் அவள் கம்பைநல்லூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், நீயும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அத்தாவிடம் போன வெள்ளிக்கிழமை உண்மையைச் சொன்னேன். எழுந்து பள்ளிவாசலுக்குப் போனவர்தான், அன்றிலிருந்து ராத்திரிக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். மனம் இளகி இதை எழுதுவதாக நினைக்காதே. கொடுமை செய்தால் செய்தேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு உண்டு, ஆனால் என் பொய்யை வைத்து நீ ஜமாஅத்தில் கையெழுத்துப் போட்டால் நாளை மறுமையில் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். லீவு போட்டு வா. வந்தவுடன் இங்கே வராதே, நேரே கம்பைநல்லூருக்குப் போய், நீ பேசிய பேச்சுக்கு நீ மன்னிப்புக் கேள். என் சார்பில் எதுவும் கேட்காதே. பள்ளிக்கூடத்துப் பக்கம் தனியாக வீடு பாருங்கள், அவளை இந்த வீட்டுக்கு மட்டும் கூட்டி வராதே. வந்தால் நான் மறுபடியும் செய்வேன், எனக்கு என்னைத் தெரியும்.

ஐந்து நேரத் தொழுகையை விடாதே. வெயிலில் தலையை மூடிக்கொள். உன் ஆயுளுக்கும் அவள் ஆயுளுக்கும் துஆ செய்கிறேன், அவளுக்கும் செய்கிறேன் என்பதை நீ நம்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
நசீம் பானு