எங்கள் கதவு எண்ணில் ஆறு பேர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு என்று மட்டும்தான் சொன்னேன், அதைக் கவனித்துக்கொள். என் முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை, அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார், சமையலறைக் குழாயையும் ஒருவழியாக மாற்றிவிட்டேன், ஊருக்கே தண்ணீர் விடுகிற மனுஷன் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று இனிமேல் நீ கேலி செய்ய முடியாது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், இது அவள் பக்கத்தில் நிற்கும்போது சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஹவுஸில் மோட்டார் இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாளைக் காலை ஒரு சான்றிதழில் நான் கையெழுத்துப் போட வேண்டும். என்ன எழுதிக் கையெழுத்துப் போடுவது என்பதுதான் இந்தப் பத்து நாளாக இந்த வீட்டைப் போட்டு ஆட்டுகிறது. கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும், ஆனாலும் நடந்ததை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது.

முதலிலிருந்து சொல்கிறேன். போன தேர்தலில் ஜெயித்த கட்சி மாகாணத்து ஜனத்தொகையைப் பத்து வருஷத்தில் இரண்டு மடங்காக்குவோம் என்று சொல்லித்தான் வந்தது, உனக்கு அப்போதே சொன்னேன். ஆட்கள் போய்விடுகிறார்கள், அதனால் கடைகள் மூடுகின்றன, கடை இல்லாத ஊருக்கு ஆலை வராது, ஆலை இல்லாததால் இன்னும் ஆட்கள் போகிறார்கள், இந்தச் சுற்றை ஒரு இடத்தில் வெட்ட வேண்டும் என்றார்கள். நோய் என்னவென்று சரியாகத்தான் சொன்னார்கள், நானும்தான் ஓட்டுப் போட்டேன், மறைக்கவில்லை. திரும்பி வருகிற குடும்பத்துக்கு வீட்டு மனை, மூன்று வருஷம் வரி கிடையாது, மூன்றாவது குழந்தைக்கு மாதாமாதம் உதவித்தொகை. நாற்பதாயிரம் பேரைத் தொடுகிற ஊருக்குப் பெரிய துணி ஆலை, புது ஆஸ்பத்திரி. தொடாத ஊர்களில் இருப்பதையும் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள், சேர்ப்பது என்றால் மூடுவது, வேறொன்றுமில்லை. எதிர்வீட்டு வெல்டர் தன் இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு, "மூணாவது பெத்தா காசு தராங்களாம், மொதல் ரெண்டுக்கும் வேலை தருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார். சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பட்டியல் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, தொட்டியைப் பார்த்துத் தெரியும். காலை ஐந்தரையிலிருந்து ஏழரைக்குள் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எத்தனை அடி இறங்குகிறது என்று இருபத்தொன்பது வருஷமாக எழுதிவருகிறேன். பரீட்சை நாட்களில் அரை மணி முன்னாடியே இறங்க ஆரம்பிக்கும், விடுமுறையில் எட்டு மணி வரை அசையாது, கண்ணாடித் தொழிற்சாலையை மூடின அந்த வருஷம் முழுசாக ஒரு அடி குறைந்தது, திரும்ப ஏறவே இல்லை. முப்பத்தோராயிரம் பேர், முன்னே பின்னே போனால் இருநூறு. ஆனால் கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியலில் நாற்பதாயிரத்துச் சொச்சம் வந்துவிட்டது. அதை மேலே இருக்கிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் தண்ணீர்ச் சான்றிதழ் வேண்டும், நாற்பதாயிரம் பேருக்கான தண்ணீர் தினமும் போகிறது என்று பம்ப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஜினியர் படிவத்தை நீட்டிவிட்டு, "ஒரு நம்பர்தானே சார், ஊருக்கு ஆலை வருது, நீங்க ஏன் குறுக்க நிக்கறீங்க" என்றார். நல்ல பையன்தான், அவனுக்கும் மேலே இருந்து நெருக்குகிறார்கள். ஆனால் இது வெறும் நம்பர் இல்லை கண்ணு. இரண்டு பம்பையும் மூச்சு முட்ட ஓட்டினாலும் முப்பத்து நாலாயிரம் பேருக்கு மேல் தண்ணீர் வராது. நாற்பதாயிரத்துக்கு வருகிறது என்று நான் எழுதிக் கொடுத்தால், அதை நம்பி ஆலைக்குக் குழாய் போடுவார்கள், ஆலை திறக்கிற அன்றைக்கு மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறாது. நம் தெருவும் மேட்டுத் தெருதான். பத்து நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

அந்தப் பத்து நாளில் சும்மா இருக்கவில்லை, அதுதான் நான் செய்த தப்போ என்னவோ. பட்டியலைப் பார்வைக்கு வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள், பொய்யைக் கையோடு பிடிப்போம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனேன். என் குணம் உனக்குத் தெரியாதா. செருப்பு தைக்கிற பெரியவர் தனியாக இருக்கிற வீட்டில் ஒன்பது பேர் என்று போட்டிருந்தது, அவர் வீட்டில் ஒன்பது செருப்பு இருக்கும், ஒன்பது ஆள் ஏது. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன், ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி எனக்குள்ளே ஒரு குஷி. பிறகு நம் கதவு எண் வந்தது. ஆறு பேர். நான், அம்மா, நீ, மாப்பிள்ளை, அதற்குக் கீழே இரண்டு குழந்தைகள், பெயரோடு. ஓராண்டுக்குள் திரும்பி வருவோர் என்று பக்கத்தில் குறிப்பு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேரே கட்சி ஆபீஸுக்குப் போனேன், கிளைச் செயலாளரைத் தெரியுமே உனக்கு, பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தானே, எல்லோரும் மைக்செட் என்று கூப்பிடுவார்களே, அவன்தான். என் குடும்பத்தை வைத்தே கள்ளக்கணக்கு எழுதுகிறாயா என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டேன், பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் எப்போதும் கத்துகிறவன், அன்றைக்குக் கத்தவில்லை. பீரோவைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தான். அம்மாவின் கையெழுத்து. "நாங்க எதுவும் சேர்க்கலை அங்கிள், ஆன்ட்டிதான் எழுதிக் குடுத்தாங்க. பேரப்பிள்ளைங்க இருக்கறத எங்களுக்குச் சொல்லவே இல்லையே நீங்க" என்று கை குலுக்க வேறு வந்தான். அடுத்த வாரம் வியாழக்கிழமை சரிபார்க்க ஆட்கள் வருகிறார்கள், உங்கள் பெண்ணுக்கும் மருமகனுக்கும் குழந்தைகளுக்கும் டிக்கெட் நாங்களே எடுத்துத் தருகிறோம், பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றான். நான் படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு வயது போட்டிருந்தது. ஐந்து, மூன்று.

உனக்குப் புரிந்திருக்கும். எனக்கு அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. உன் வயிற்றில் தங்காமல் போன இரண்டும் பிறந்திருந்தால் இந்த வருஷம் ஐந்து, மூன்று.

வீட்டுக்கு வந்து நான் கத்தவில்லை, அதை நீ நம்ப வேண்டும். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், படிவத்தின் நகலைப் பக்கத்தில் வைத்தேன். அவள் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்தில் பதினெட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்களாம், பட்டியலில் காப்பகத்தைச் சுற்றி இருக்கிற தெருக்களில் ஆறு வயதுக்குக் கீழே இருபது பேர் இல்லையென்றால் புதுக் கொள்கைப்படி காப்பகத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்களாம். இரண்டு பேர் குறைந்தது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் பெயரையும் எழுதலாம் என்று மைக்செட்டின் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள், இவள் உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் எழுதியிருக்கிறாள், அதோடு நிறுத்தியிருக்கலாம். "கீழ குழந்தைகள்னு கட்டம் இருந்துச்சுங்க, கை நிக்கல. எங்கயாவது ஒரு இடத்துல இருந்துட்டுப் போகட்டும்னு எழுதிட்டேன்" என்றாள். துணியைக் கழுவிக் காயப்போட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யாமல் மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். உனக்கு அது நடந்த இரண்டு தடவையும் நாங்கள் போனில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஓய்வெடு, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடு, அடுத்த தடவை எல்லாம் சரியாகும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனேன். அம்மா அதற்குமேல் என்னிடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான். மூன்றாம் நாள் நானே அவளிடம் பேச்சை ஆரம்பித்தேன். சரியான எண்ணை எழுதினால் பட்டியலைக் கிளறுவார்கள், முதலில் கிளறுவது பம்ப்காரன் வீட்டைத்தான், பொய் விவரம் கொடுத்ததற்கு உன் வேலை போகும், சரிபார்ப்புக்கு முன்னால் நாமே போய் நீக்கிவிட்டால் வெறும் திருத்தம்தான், வா என்றேன். நீக்கினால் காப்பகம் போய்விடுமே என்றாள். போகும் என்றேன். வேறு என்ன சொல்ல. காப்பகத்தை மூடினால் அவள் வேலையும் அதோடு போகும், ஆனால் திருடி என்ற பேர் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

நேற்றுச் சனிக்கிழமை இரண்டு பேரும் வார்டு ஆபீஸுக்குப் போனோம். திருத்தப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுதி, பெயரை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் மூன்றே மூன்றுதான் ஒப்புக்கொள்வார்களாம், இறப்பு, இடமாற்றம், பிழை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் இடமாற்றம் என்று எழுதி அடித்தாள். அடுத்த இரண்டு பெயருக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். அங்கே இருந்த எழுத்தர் சின்னப் பெண், பொறுமையாகத்தான் கேட்டது, இறப்பு என்றால் சர்டிபிகேட் இருக்காம்மா என்று. அம்மா இல்லை என்று தலையாட்டினாள். இடமாற்றம் என்றால் எந்த ஊர் என்று எழுத வேண்டும் என்றது. அப்போ பிழைன்னு எழுதிடுங்கம்மா, அவ்வளவுதான், என்றது. அம்மா, "அது பிழை இல்லம்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் மணி பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். இரண்டு வரியிலும் பிழை என்று எழுதினேன், அடித்தேன், கையெழுத்துப் போட்டேன். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. காலையில் காபி வைத்தாள், நான் கிளம்பும்போது குடையை எடுத்துக் கொடுத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

நாளைக்கு முப்பத்தோராயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, எங்காவது தூக்கி அடிப்பார்கள், அடிக்கட்டும். ஆலை நம் ஊருக்கு வராமல் போனால் வெல்டரே என் முகத்தில் முழிக்க மாட்டார், அவருடைய பெரிய பெண் அந்த ஆலை வேலைக்காகத்தான் தையல் கற்றுக்கொள்கிறாள், அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கட்சி சொன்னதில் எல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்களை வரவைக்கத்தான் கிளம்பினார்கள், அது முடியவில்லை, பட்டியலை வளர்த்துவிட்டார்கள். மைக்செட் உனக்குப் போன் செய்து டிக்கெட் என்று இழுத்தால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. உனக்கு எங்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தால், லீவு கிடைத்தால், அப்போது வா, நான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். வந்து யாருக்கும் தலை எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, மாப்பிள்ளையிடம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல், சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே. பிழை என்று எழுதியது என் கைதான் அம்மாடி, எழுதாமல் வேறு வழி இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவளிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவருக்கொருவர் ஆதரவாக நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மா காப்பகத்திலிருந்து நாலரைக்கு வந்துவிடுவாள், நான் ஏழு மணிக்குத்தான் வருவேன், அதற்கு நடுவில் அவளைக் கூப்பிடு. அந்த இரண்டு பெயரும் எனக்குத் தெரியும், இதில் எழுதவில்லை. அவளிடமே கேள்.

உன் அப்பா