தாளில் இல்லாத வசனம்

எங்கே இருக்கிறீர்களோ தெரியவில்லை, என் பிரியமான அப்பா,

உபதேசியாரான நீங்கள் இறந்துபோனீர்கள் என்று சுரங்க லைன் வீட்டுக்காரர்கள் யாரும் வேறு ஆளைத் தேடவில்லை. ஷிஃப்டுக்கு இறங்குமுன் வசனம் கேட்டு இன்னும் நம் வாசலுக்கே வருகிறார்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் விழுந்த வரியைப் படித்துச் சொல்ல வேண்டும். அதை நம்பித்தான் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள்.

நான் மாட்டேன் என்றே சொல்லிவந்தேன். பட்டணத்தில் பி.ஏ. படித்தபோது எழுந்த சந்தேகம் ஐம்பதை நெருங்கியும் தீரவில்லை. எழுதியவன் மனிதன், படியெடுத்தவன் மனிதன், மொழிபெயர்த்தவனும் மனிதன். எந்த வரியை நம்பி ஒருவனைக் கீழே அனுப்புவது?

நேற்று உள்ளே பாறை சரிந்தது. தாவீதும் அவனோடு இறங்கியவர்களும் இன்னும் மேலே வரவில்லை. காலையில் அவன் மனைவி சலோமி ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு வசனம் எடுங்க. ஐயா இருந்தா எடுத்திருப்பாருல்ல?"

உங்கள் வேதத்தைத் திறந்தேன். போரில் மாண்டவர்களின் தொகை மேல் விரல் விழுந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பூமிக்குள் இருக்கிறவனை மறவேன், அவனை வெளியே கொண்டுவருவேன்" என்று படித்தேன். அப்படியொரு வரி அந்தப் பக்கத்தில் இல்லை. நான் அறிந்த எந்தப் பக்கத்திலும் இல்லை.

மத்தியானம் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு வந்தால், பெண்கள் அதையே சொல்லி ஜெபிக்கிறார்கள். அதற்குள் "அவனை" என்பது "அவர்களை" ஆகிவிட்டது.

"இன்னா அதிகாரம் டீச்சரம்மா அது?" என்றாள் ஒருத்தி.

பக்கத்தில் இருந்த கிழவி அதட்டினாள். "தெரிஞ்சு இன்னா பண்ணப்போற? நீ படிக்கவா போற? பி.ஏ. அம்மா வாயில பொய் வருமா?"

சலோமி சிரித்தாள். நேற்றிலிருந்து தொடாத கஞ்சியை வாங்கிக் குடித்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பா, கடைசியில் உங்கள் கண்ணில் புரை விழுந்திருந்ததே. அப்போதும் தினம் வசனம் எடுத்தீர்களே. அவையெல்லாம் தாளில் இருந்தவைதானா? யாரிடம் போய்க் கேட்பேன்? அந்த வரி மெய்யாக வேண்டும், இந்த ஒன்றாவது மெய்யாக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். இதற்கு ஜெபம் என்று பெயரா?

ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வரும்வரை சலோமியின் பக்கத்தைவிட்டு நகரமாட்டேன். அவன் உயிரோடு வந்தாலும், வேறு விதமாக வந்தாலும், அந்த வரி வேதத்தில் இல்லை, நான் சொன்னது என்று அவளிடம் என் வாயாலேயே சொல்லுவேன். அதுவரைக்கும் சொல்லமாட்டேன், அப்பா. அவள் இன்னும் கொஞ்சம் கஞ்சி குடிக்கட்டும்.

ஷாஃப்ட் வாசலிலிருந்து,
உங்கள் ஒரே மகள்