கதம்பவன் பூங்காவில் அரசர் இறந்துவிட்டதாகக் கருதப்படுவது பற்றி

அனுப்புநர்:
பொ. கோகுல்நாத், பி.இ., (வயது 27)
தரச் சோதனைப் பொறியாளர்,
ஹடப்சர், புணே.

பெறுநர்:
உதவிக் கண்காணிப்பாளர் அவர்கள்,
கதம்பவன் பூங்கா அலுவலகம்,
ஹடப்சர், புணே.

பொருள்: 17.05.2026 ஞாயிறன்று பூங்காவில் எவரும் இறக்கவில்லை என்று தெரிவிப்பதும், எங்கள் இலவச நாடகத்துக்கு விதித்துள்ள தடையை 31.05.2026க்கு முன் நீக்கக் கோருவதும்.

பார்வை: 1. எனது மனு, நாள் 18.05.2026.
2. தங்கள் அலுவலகத்தின் இரங்கல் கடிதம், நாள் 25.05.2026.

மதிப்புக்குரிய ஐயா,

1. பார்வை 2இல் கண்ட கடிதத்தில் எங்கள் துயரத்தில் பங்கேற்றமைக்கு நன்றி. ஆனால் துயரம் எதுவும் நிகழவில்லை. அதே கடிதம், இறந்தவரின் இறப்புச் சான்றிதழை இணைத்தால்தான் நாடக அனுமதி மறுபரிசீலனை செய்யப்படும் என்கிறது. இறந்தவர் நான். நலமாக இருக்கிறேன்.

2. இதை நேரில் சொல்ல நேற்று மாலை தங்கள் அலுவலகச் சாளரத்துக்கு வந்தேன். அங்கிருந்த எழுத்தர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் வாழ்நாள் சான்று கொண்டு வாருங்கள்" என்றார். அது ஓய்வூதியம் வாங்குவோர்க்கு வங்கியில் கொடுப்பது. எனக்கு அதற்கு இன்னும் முப்பத்தொரு ஆண்டு இருக்கிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தே நாள்தான் இருக்கிறது.

3. தடையை நீக்கக் கோரிய முதல் மனுவை என் சக ஊழியர் ரோஹிணி மராட்டியில் எழுதிக் கொடுத்தார். பிழை ஒன்றும் இல்லை. படித்ததற்கான அடையாளமும் இல்லை. தாங்கள் திண்டுக்கல் பக்கம் என்றும், மேசையில் தமிழ் நாளிதழ் கிடக்கும் என்றும் பூங்காக் காவலர் வாக்மாரே சொன்னதால் இம்முறை தமிழில் எழுதுகிறேன்.

4. நடந்தது இதுதான். 'ஞாயிறு மேடை' என்ற எங்கள் குழு, தங்கள் அனுமதியுடன், ஏப்ரல் முதல் ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பூங்காவின் கிழக்குப் புல்வெளியில் ஒரு பழங்காலச் செவ்வியல் நாடகத்தைத் தமிழில் நடத்தி வருகிறது. கட்டணம் இல்லை. மராட்டிக்காரர்களுக்காக இடையிடையே ரோஹிணி கதை சொல்வார். நாடகம் முடிந்ததும் ரத்த அழுத்தச் சோதனை, பழைய புத்தகப் பரிமாற்றம், பேருந்து நிறுத்தத்தருகே மளிகைக்கடை வைத்திருக்கும் தௌஃபீக் பாயின் சுக்கு காபி. இதுவரை ஒரு செடி மிதிபட்டதில்லை.

5. நாடகத்தின் முடிவில் அரசர் இறக்கிறார். அரசர் நான். நன்றாக நடிப்பேன் என்பதால் அல்ல. இருபத்திரண்டு நிமிடம் அசையாமல் படுக்க என்னால் முடியும் என்பதால். பிரதியில் அரசியின் தோழிக்கு எட்டு வரிப் புலம்பல் இருந்தது. அதை ஒத்திகை பார்த்தபோது, எங்கள் அடுக்ககத்தில் சமையல் வேலை செய்யும் அந்தோணியம்மாள் கையில் கரண்டியோடு வந்து, "என்னாப்பா இது, ஸ்கூல் பிரேயர் மாதிரி அழுவுறீங்க?" என்று கேட்டு, தாமே ஓர் ஒப்பாரி வைத்துக் காட்டினார். அன்றே பாத்திரம் அவருக்கு மாற்றப்பட்டது.

6. மே 17 அன்றுதான் அவர் முதன்முறை பொதுமக்கள் முன் நடித்தார். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். யார் செத்தது என்று கேட்டுவிட்டு அழ வருவதில்லை, அழுதுவிட்டுத்தான் கேட்பார்கள். எதிரே பேருந்துக்கு நின்றிருந்த தர்மாம்பாள் என்ற அம்மையார், கோயிலுக்கு வைத்திருந்த மாலையோடு சாலையைக் கடந்து வந்து, மாலையை என் மார்பில் போட்டு, அந்தோணியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இந்த வயசுலயா ராசா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து மேலும் நான்கு பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். பார்வையாளர்கள் இதையும் நாடகம் என்று எண்ணிக் கைதட்டினார்கள். காவலர் வாக்மாரே இதை நாடகம் அல்ல என்று எண்ணி விசில் ஊதி, 108க்குத் தொலைபேசி செய்தார். 'இது நாடகம்' என்று பலகை வைக்காதது எங்கள் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

7. ஆம்புலன்ஸ் ஊழியர் நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். தர்மாம்பாள் என் கன்னத்தில் ஓர் அறை விட்டு, "பொணம்னா பொணமா கெட! இதுக்கா நான் பஸ்ஸை விட்டேன்?" என்றார். தங்கள் பதிவேட்டில் 'பூங்காவில் சடலம். துக்க நிகழ்ச்சி' என்று எழுதப்பட்டது இதன் பிறகுதான். எழுந்து உட்கார்ந்த சடலம் என்று யாரும் எழுதவில்லை.

8. இனி சிரிப்பு மன்றம் பற்றி. தடைக்கு இன்னொரு காரணமாக, மேற்குப் புல்வெளியில் கூடும் சிரிப்பு மன்றத் தலைவர் திரு. ஆப்டே கொடுத்த புகாரைத் தங்கள் கடிதம் சுட்டுகிறது: அழுகைச் சத்தத்தில் அவர் உறுப்பினர்களுக்குச் சிரிப்பு வரவில்லையாம். எங்கள் தொழிற்சாலையின் ஒலிமானியைக் கொண்டு முப்பதடி தூரத்தில் நானே அளந்தேன். மன்றத்தின் சிரிப்பு 86 டெசிபல். அந்தோணியம்மாள் மொட்டைமாடி ஒத்திகையில் அழுதது 74. நாற்பது பேர் காரணமே இல்லாமல் சிரிக்கலாம், ஒருவர் காரணத்தோடு அழக்கூடாது என்பது எந்த விதியில் இருக்கிறது? வாயிலில் உள்ள பலகையின் பதினான்கு விதிகளையும் படித்தேன். நாய், பட்டம், கிரிக்கெட், மாம்பழம் பறித்தல் ஆகியவை கூடாது. அழுகை அதில் இல்லை.

9. காரணம் என்று எழுதிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தோணியம்மாளின் கணவர் லூர்து, கோர்படி ரயில்வே குடியிருப்பில் இருந்த தண்டவாளத் தொழிலாளி. 2021 ஏப்ரலில் மருத்துவமனையில் இறந்தார். அப்போது இந்த அம்மையாரும் வேறொரு வார்டில் கிடந்தார். முகம் காட்டவில்லை. யாரோ அடக்கம் செய்தார்கள். அம்மையார் திரும்பி வந்தபோது அழ வீட்டில் சவமும் இல்லை, கட்டிக்கொண்டு அழப் பெண்களும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கதவை மூடியிருந்த காலம். இதெல்லாம் எங்களுக்கு மே 17 வரை தெரியாது.

10. அன்று எட்டு வரி முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. அரசரை விட்டுவிட்டார். "டூட்டிக்குப் போன ராசா, டிபன்பாக்ஸு வந்துருச்சே, நீ வரலியே" என்று தொடங்கினார். எங்கள் நாடகத்தில் டிபன்பாக்ஸ் கிடையாது. சடலம் என்ற முறையில் நான் கண்ணைத் திறக்க வழியில்லை. அவர் கை என் நெற்றியில் இருந்தது. பதினோராவது நிமிடத்தில் விசில். பாட்டு பாதியில் நின்றது.

11. அன்றிலிருந்து அவர் சமையலில் உப்பு இல்லை அல்லது இருமடங்கு இருக்கிறது. கேட்டால், "மீதி அழுவை தொண்டையிலயே நிக்குது தம்பி. எங்க போய் அழுவுறது, குக்கர் முன்னாடியா?" என்கிறார். தர்மாம்பாள் இரண்டு முறை என் கைப்பேசிக்கு அழைத்து, "அடுத்தது எப்போ? இந்தத் தடவை பஸ்ஸுக்கு நிக்காம நேரா அழ வந்துடுறேன்" என்று விசாரித்துவிட்டார். ஜூன் முதல் வாரம் மழை இறங்கிவிடும். புல்வெளி சேறானால் அக்டோபர் வரை நாடகம் இல்லை. ஆகவே 31ஆம் தேதிதான் கடைசி ஞாயிறு.

12. எனவே, தடை உத்தரவை ரத்து செய்து, 31.05.2026 காலை ஏழு முதல் ஒன்பது வரை கிழக்குப் புல்வெளியை எங்களுக்கு ஒதுக்கும்படி வேண்டுகிறேன். மூன்று மொழியில் 'இது நாடகம்' என்று பலகை வைக்கிறோம். சிரிப்பு மன்றம் எங்கள் அழுகை முடிந்தபின் சிரிக்கலாம். வேண்டுமானால் முன்பே சிரித்துவிட்டு வந்து சுக்கு காபி குடிக்கலாம். காவலரிடம் விசில் மட்டும் அன்று இருக்க வேண்டாம்.

13. அனுமதி வராவிட்டாலும், ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நான் அந்தப் புல்வெளியில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். அனுமதி இல்லாமல் நாடகம் நடத்தக்கூடாது, சரி, நடத்தவில்லை. பூங்காவில் படுப்பதற்கு அனுமதி தேவையில்லை. பக்கத்தில் ஓர் அம்மையார் வந்து உட்கார்ந்து, எவ்வளவு நேரம் அழுதாலும், அவர் முடிக்கும் வரை நான் எழுந்திருக்க மாட்டேன். ஆம்புலன்ஸ் வந்தாலும்.

இணைப்பு: ஆதார் நகல், இன்றைய நாளிதழைக் கையில் பிடித்தபடி எடுத்த என் புகைப்படம், ஒலி அளவீட்டு அட்டவணை, மராட்டிப் பிரதி.

நாள்: 26.05.2026
இடம்: ஹடப்சர், புணே

சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்,
(ஒப்பம்)
பொ. கோகுல்நாத்