மீதி வேலை

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக்கடைக்குப் பில் போடக் கிளம்பும் நேரம் பார்த்து ஓர் அம்மா தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "சார் இல்லையா?"

சார், அதாவது என் வீட்டுக்காரர், இருக்கிறார். மாடியில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். மெஷின் ரிப்பேர் சாருக்கு அலுத்துப்போய் வருஷக்கணக்காகிறது என்று இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்ல? உள்ளே வரச்சொல்லி நானே மூடியைக் கழற்றினேன். ஊசி இறங்குகிற நேரமும் கீழே கொக்கி சுற்றி வருகிற நேரமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். சரிசெய்து, ஒரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டினேன். அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "சார்கிட்ட ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிடறேன். கட்டாயம் சொல்லிடறேன். கடைக்கு லேட்டாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது அப்பாவும் பெண்ணும் ஒரே குஷி. "அப்பாவுக்குத் தெரியாத வேலையே இல்ல. நீயும் ஏதாவது கத்துக்கோயேம்மா. எப்பப் பார்த்தாலும் பில்லு, பில்லுன்னு இருக்கே" என்றாள். குத்திக்காட்டவில்லை. அக்கறையோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அவர் சிரித்தார். "உங்கம்மாவுக்குப் பொறுமை ஜாஸ்தி. ஒரே வேலையில இருந்துடுவா."

குழம்பை ஊற்றினேன். இங்கே எழுதியாவது ஆற்றிக்கொள்கிறேன்.

முதலில் தையல் மெஷின். புத்தகம் வாங்கினார், கருவிப்பெட்டி வாங்கினார், தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். வந்த மெஷின்களையெல்லாம் பிரித்துக் கூடத்தில் பரப்பினார். அதற்குள் ரொட்டி மேல் ஆசை வந்துவிட்டது. பிரித்ததைப் பூட்டினது யார்? மெஷினைக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று கத்தியது யாரைப் பார்த்து? பிறகு ஒரு காபிக் கடைக்குத் தினமும் ரொட்டி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சோபா தைக்கக் கற்றுக்கொள்ளப் போய்விட்டார். மாவு கைக்கு அடங்கும்வரை நான் தூக்கி எறிந்த ரொட்டி எனக்குத்தான் தெரியும். சோபாவும் அதே கதை. அப்புறம் பைண்டிங். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை வாங்கி மாடியில் அடுக்கினார். கெடு நெருங்கியதும் அவருக்கு முதுகு வலி.

ஆரம்பசூரர். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. எந்த வேலையும் கஷ்டம் கொடுக்க ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் அவர் ராஜா. அங்கிருந்து என் தலையில்.

ஒன்று மட்டும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சோபாத் துணியை நெடுக்குப் பார்த்து வெட்டாவிட்டால் உட்காருகிற இடம் தொய்ந்துவிடும். அது தெரிந்த பிறகுதான், தாளுக்கும் நெடுக்கு, குறுக்கு உண்டு என்பது எனக்குப் பிடிபட்டது. மெஷினில் நூலின் இறுக்கம் பார்த்த விரல்தான் புத்தகம் தைக்கும்போதும் 'போதும்' என்கிறது. மாவு பிசைந்த கைக்குப் பசையின் பதத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வேலை இன்னொரு வேலைக்குப் பாடம் நடத்துகிறது! இது புரிந்த அன்று சந்தோஷம் தாளாமல் மாடிக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"ம்" என்றார்.

மார்ச் 19, வியாழன்

தொழிற்பயிற்சி மையத்தில் புதிதாக ஒரு வேலை. தலைமைப் பயிற்றுநர். குறைந்தது மூன்று தொழில்களில் கைதேர்ந்தவராக இருக்க வேண்டுமாம். அவர் விளம்பரத்தை நாலு தரம் வாசித்துக் காட்டினார். "எனக்குன்னே போட்ட மாதிரி இல்ல?"

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்குன்னே போட்ட மாதிரி.

மார்ச் 23, திங்கள்

நானும் விண்ணப்பித்துவிட்டேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறார். "ஒரு துறையில் மூழ்கினவன் கிணற்றைப் பார்க்கிறான், பல துறை கண்டவன் கடலைப் பார்க்கிறான்." நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்கு வாய் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "கிணத்துல தண்ணி இறைக்கிறது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

எனக்கும் மையத்திலிருந்து தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதே நாள். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பயமா? பயம்தான். சொன்னால் சிரிப்பார். சிரித்தால் போகமாட்டேன்.

ஏப்ரல் 11, சனி

அவர் முன்னாலேயே போய்விட்டார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன். காத்திருக்கும் அறையில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தார்.

"டிபன் கொண்டு வந்தியா?"

அதற்குள் அலுவலகப் பெண் என்னைக் கூப்பிட்டு மேசை எண் கொடுத்துவிட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சிரித்தார். நான் பயந்த அதே சிரிப்பு.

தேர்வு இதுதான்: எல்லோரும் ஒரு நோட்டு தைத்து அட்டை போட வேண்டும். பிறகு மற்றத் தொழில்களில் கேள்வி. எனக்கு எதிர் மேசை அவருக்கு. பேசக் கூடாது என்றார்கள். நான் தையலைப் பாதி முடித்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அவர் அட்டையின் உள்பக்கம் ஒட்டுகிற தாளைக் குறுக்காக வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒட்டினால் அட்டை வளைந்துவிடும். அன்றைக்குத் தெரியாது, நன்றாகக் காய்ந்த பிறகுதான் தெரியும். நன்றாகக் காய்கிற வரைக்கும் அவர் எந்த வேலையிலும் இருந்ததில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

என் கை தானாக எழுந்துவிட்டது, 'திருப்பிப் போடுங்க' என்று சைகை காட்ட. அடக்கிக்கொண்டேன். அவர் என்னைவிட முன்னால் முடித்தார். பார்க்கப் பளபளவென்று இருந்தது.

பிறகு இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். மையத்தின் செயலாளர் தமாஷான மனுஷர். "ஒரே வீடா? அப்ப வீட்டிலேயே பேசி முடிவு பண்ணிட்டு வந்திருக்கலாமே!" எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் தோளில் கை வைத்து, "எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான் சார். பிடிச்சுக்கிட்டா, கெட்டிக்காரி" என்றார்.



ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லிக் கொடுத்தாராம்! எப்ப? என்னைக்கு? ஒருநாள், ஒரே ஒருநாள் பக்கத்துல உட்கார்ந்து இப்படிப் பிடி, அப்படிப் பிடின்னு சொல்லியிருப்பாரா? நான் ஏன் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி நின்னேன்? 'இல்ல சார்'னு ரெண்டு வார்த்தை. வரலியே! அங்க நின்னப்ப வரல, இப்ப இட்லித் தட்டு கழுவும்போது ரயில் மாதிரி வருது.

அவர் மட்டும் சாதாரணமாக இருக்கிறார். "கோவமா? சும்மா உன்னைத் தூக்கித்தானே பேசினேன்" என்கிறார்.

ஏப்ரல் 20, திங்கள்

அவருக்கே கிடைத்துவிட்டது.

மகள் போனில் துள்ளிக் குதித்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீயும் போயிருந்தியாமே, எதுக்கும்மா?" என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

மே 6, புதன்

புதுச் சட்டை, புதுப் பை. மையத்தில் அவரை எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். பிடிக்காமல் என்ன? முதல் மாதம் அவரைப் போல வராது. சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார்: "சோபா மூலையில துணியை மடிக்கிறது எப்படி? சும்மா ஒரு சந்தேகம்." சொன்னேன். கேட்டால் சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை. மானங்கெட்ட வாய்.

ஜூன் 1, திங்கள்

இன்றைக்கு "தலைவலி" என்று மையத்துக்குப் போகவில்லை. ஆரம்பித்தாயிற்று.

ஜூலை 14, செவ்வாய்

மண்ணே இல்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கலாமாம். குளியலறை முழுக்க வாளி, குழாய், ஒரு குட்டி மோட்டார். "இதுதான் வருங்காலம்" என்கிறார். கண்ணில் அதே பழைய வெளிச்சம். ஒரு காலத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மயங்கினேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

மையத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் நாற்காலிகளை ஒப்புக்கொண்டு, மாணவர்களை விட்டு எல்லாவற்றையும் உரித்துப் போட்டிருக்கிறாராம். வெறும் எலும்புக்கூடாக நிற்கின்றனவாம். "நீ ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்சம் பார்த்துட்டுப் போயேன்" என்றார்.

"முடியாது" என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவருக்கும்தான்.

ஜூலை 25, சனி

செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நின்றுகொண்டே காத்திருக்கிறார்களாம், போன் மேல் போனாம். ஐயா பத்து நாளாக மையத்துப் பக்கமே வரவில்லையாம். எனக்கு இது செய்தி. தினமும் பையைத் தூக்கிக்கொண்டுதானே கிளம்பினார்? விதைக் கடைகளில் சுற்றியிருக்கிறார்.

"நீங்களாவது கொஞ்சம் வந்து முடிச்சுக் குடுங்கம்மா."

"எந்தப் பேர்ல வரணும்?"

"ஐயாவுக்கு உதவியா..."

"ஐயாவே இல்லாத இடத்துல யாருக்கு சார் உதவி? அவர் வேலையை எனக்குக் குடுங்க, திங்கக்கிழமையே வர்றேன். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

குரல் நடுங்கியது. ஆனால் வந்தது. செயலாளர் நெளிந்தார். "அவர் இருக்கும்போது நான் எப்படிம்மா..." அதற்குள் குளியலறையிலிருந்து ஈரக் கையோடு அவரே வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்கட்டுமே! எனக்கும் இங்க வேலை தலைக்கு மேல இருக்கு" என்றார். தண்ணீரை உதறுகிற மாதிரி உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதற்காகவா நான் ஏப்ரல் முழுக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன்? பிடுங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கடையில் மீந்ததைக் கொடுப்பது போலக் கொடுத்தார். கிடைத்துவிட்டது, சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன். கசக்கிறது.

ஆகஸ்ட் 3, திங்கள்

மருந்துக்கடையில் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். மையத்தில் முதல் நாள். செயலாளர் மேசைமேல் அவர் தேர்வில் செய்த நோட்டு இருந்தது. அட்டை அப்பளம் மாதிரி வளைந்து, மேலே கண்ணாடிக் குண்டு வைத்து அழுத்தியிருந்தார்கள். "மழைக்காலம் பாருங்க, ஈரம்" என்றார் செயலாளர். என்னுடையது எங்கே என்று கேட்டேன். யோசித்தார். "ஓ, அது உங்களுதா? வாட்ச்மேன் வர்றவங்க பேரு எழுத எடுத்துக்கிட்டாரே!"

போகும்போது பார்த்தேன். வாசலில், வெயிலிலும் சாரலிலும் கிடந்து, பாதிக்கு மேல் எழுதித் தீர்ந்திருந்தது. தட்டையாக இருந்தது.

செப்டம்பர் 9, புதன்

ஆஸ்பத்திரி நாற்காலிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த அலுப்போடு வீட்டுக்கு வந்தால் மகளிடமிருந்து போன். "அம்மா, அப்பா உனக்காக வேலையையே விட்டுக்கொடுத்துட்டாராமே! எந்த வீட்டுல நடக்கும் இது?"

பக்கத்து வீட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கும் இதே பேச்சுதான். மனைவிக்காக விட்டுக்கொடுத்தவர். அவரும் மறுப்பதில்லை, அடக்கமாகத் தலையை ஆட்டுகிறாராம். மகளிடம் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், அப்பா மேல் அத்தனை பெருமை. "ஆமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இதையும் அவர் கணக்கிலேயே எழுதிக்கொள்ளட்டும். நாசமாப் போக!

செப்டம்பர் 27, ஞாயிறு

குளியலறை வாளிகள் அழுகி நாறுகின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு குளித்துவிட்டு வருகிறேன். தொடவில்லை.

அக்டோபர் 17, சனி

போன வாரம் திடீரென்று, "அந்த நோட்டுத் தையல்ல கடைசி முடிச்சு எப்படிப் போடறே?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு கேட்கிறார். மனசு இளகத்தான் செய்தது. காட்டிக்கொள்ளாமல், "வகுப்புக்கு வந்து உட்காருங்க" என்றேன்.

இன்றைக்கு வந்துவிட்டார்! கடைசி மேசையில், மற்றவர்களோடு. நல்ல பிள்ளையாகத் தாள் மடித்தார், ஊசி கோத்தார். பக்கத்து மேசைக்காரரைச் சிரிக்க வைத்தார். கை அழகான கை, அதை யாரும் மறுக்க முடியாது. நான் கரும்பலகையில் படம் போடும்போது அவர் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஏதேதோ நினைத்துக்கொண்டேன். என்ன நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

டீக்குப் பிறகு அவர் இடம் காலி.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அந்த மேசைக்குப் போனேன். பாதி தைத்த நோட்டு, தொங்குகிற ஊசி. பழக்கதோஷம், கையில் எடுத்துவிட்டேன். இரண்டு முடிச்சுக்கூடப் போட்டுவிட்டேன். பிறகு நிறுத்தினேன். நூலை வெட்டி ஊசியை டப்பாவில் போட்டேன். தாள்களைக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு மேசையைத் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "என் நோட்டு எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

"நீ முடிச்சிருப்பேன்னு நினைச்சேனே" என்றார்.

கோபமே இல்லை. குழந்தை மாதிரி ஒரு ஆச்சரியம், அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷன் இத்தனை வருஷமும் என்னை ஏமாற்றவே இல்லை. அவருக்குத் தெரிந்த வேலை எல்லாமே அப்படித்தான் இருந்திருக்கிறது. விட்டுவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் தானாக முடிந்துவிடும்.