ஞாயிறு ஆறு மணிக்கு அறுகிற லைன்

வெள்ளவத்தை,
திங்கட்கிழமை.

அன்புத் தங்கைக்கு,

மின்னஞ்சல் வரவில்லை என்று முகத்தை நீட்டாதே. எனக்கு ஓய்வு ஞாயிறு மாலை மட்டும்தான். நீ விட்டுப்போன பழைய லப்டொப்பில், டெலிபோன் லைன் வழியாக இணையம் ஒழுங்காகத்தான் வருகிறது. ஆறு மணியானதும் அறுந்துவிடுகிறது.

நான் விடுவேனா? மோடத்தைத் துடைத்தேன், வயரை மாற்றினேன். கடைசியில் பம்பலப்பிட்டிக் கொம்பியூட்டர் கடை சஜீத்தைக் கூப்பிட்டேன். "லைன்ல ஒரு பிழையும் இல்ல மிஸ். உள்ளுக்குள்ள மத்த போன்ல ஆரோ ரிசீவரத் தூக்குறாங்க, அதான் அறுகுது" என்றார்.

நேற்று ஆறு மணிக்கு அப்பாவின் அறையை எட்டிப் பார்த்தேன். உன் கலியாணத்துக்குப் பிறகு உன் பெயரையே எடுக்காத மனிதர், ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார்.

"என்னப்பா செய்யிறீங்க?"

"லைன் இருக்கோ எண்டு பார்த்தனான்."

கம்பஸ் விடுதியில் இருந்த காலத்தில் நீ ஞாயிறு ஆறு மணிக்குத்தானே வீட்டுக்குக் கோல் எடுப்பாய்?

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன், திருத்துவது உன் வேலை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லப்டொப்பைத் திறக்கமாட்டேன். ஆறு மணிக்குக் கோல் எடு. எத்தனை தரம் மணி அடித்தாலும் நான் போய்த் தூக்கமாட்டேன்.

உன் அக்கா