நாற்பத்தோராவது வரிசையில் மஞ்சள் தொப்பி

கிம்ப்ரோ, அலபாமா
1993 செப்டம்பர் 13

ஓர்வில்,

'அன்புள்ள' என்று போட்டுப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் என் பக்கத்தில், உன் இடத்தில், ஒருவன் வந்து உட்கார்ந்தான். தலையில் மஞ்சள் தொப்பி! ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எதிரி அணியின் ஆள், அக்கரைக்காரன்! நம் பல்கலைக்கழகத்து அரங்கத்தில், நாற்பத்தோராவது வரிசையில், நம் அணியின் பச்சை உடுத்தாதவன் எவனும் இதுவரை உட்காராத பலகையில்! நிலக்கடலையை உடைத்து உடைத்துத் தோலை என் செருப்பு மேலேயே போட்டுக்கொண்டிருந்தான். நம் பசங்க பந்தோடு கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டதும் வழக்கம்போல வரிசையே எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. இவன் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் கையை விரித்துக்கொண்டு பைத்தியக்காரி போல நின்றேன். பின்வரிசை பட்டர்ஃபீல்ட் சும்மா இருப்பாரா? "என்ன நெல்டா, புது மாப்பிள்ளையா? வேற கலரே கெடைக்கலியா உனக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மானமே போயிற்று.

விவாகரத்தில் வீடு எனக்கு, பிக்கப் வண்டியும் நாயும் உனக்கு என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தோம். இந்த இரண்டு சீசன் டிக்கெட்டை மட்டும் இரண்டு பேருமே விடவில்லை. "ஆளுக்கொண்ணு வச்சுக்குங்க. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து முறைச்சுக்குங்க" என்று நீதிபதியே சொல்லிவிட்டுச் சிரித்தார். அதை அக்கரைக்காரனுக்கு விற்றுவிட்டாயா? உனக்கு எப்படி மனசு வந்தது? பதில் எழுது.

நெல்டா


செப்டம்பர் 18

நெல்டாவுக்கு,

விற்கவில்லை. கொடுத்தேன். என் இடம், என் இஷ்டம். அவன் பெயர் டேரல். அடுத்த ஆட்டத்துக்கும் அவன்தான் வருவான். தொப்பியைக் கழற்றச் சொல்கிறேன், போதுமா?

நீ ஆரம்பித்தாய், அதனால் நானும் சொல்கிறேன். மூன்று சீசன் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் வண்டிகள் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி ஊருக்கே பன்றி விலா சுட்டுப் போடுவாய். என் தட்டு மட்டும் உன் கண்ணில் படாது. நாலு மணி நேரமும் ஒரு வார்த்தை கிடையாது. டச் டவுன் விழுந்தால் மட்டும் பாய்ந்து கட்டிக்கொள்வாய். கூட்டம் உட்காருவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நான் என்ன பஸ் கம்பியா, வேண்டும்போது பிடித்துக்கொண்டு அப்புறம் விட்டுவிட? போதும் தாயே.

அரங்கத்தில் நம் வரிசை இருக்கும் மேற்குப் பக்கத்தை இடித்துவிட்டுப் பணக்காரர்களுக்குக் கண்ணாடி அறை கட்டப்போகிறார்களாம். உனக்கும் தகவல் வந்திருக்கும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷம் வேறு பக்கம் ஜோடியாக இடம் தருவார்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு மூலை. ஜோடிக்கு நான் போடப்போவதில்லை. நிம்மதியாக இரு.

ஓர்வில்


அக்டோபர் 4

அடேய் ஓர்வில்,

தொப்பியைக் கழற்றிவிட்டான். பதிலுக்கு மஞ்சள் சட்டை போட்டு வந்தான். பொறுக்க முடியாமல், "ஏம்ப்பா, இந்த எடத்துக்கு அவனுக்கு எவ்ளோ குடுத்த?" என்று கேட்டே விட்டேன்.

"பணமெல்லாம் இல்லீங்கம்மா. ஆஸ்பத்திரியில அவரு காலுக்குப் பயிற்சி குடுக்கறது நான்தான். என்னால படியேற முடியலை, நீயாச்சும் போயிட்டு வாடான்னாரு. பக்கத்துல உக்காந்திருக்கற அம்மா எப்படி இருக்காங்கன்னு மட்டும் மறக்காம பாத்துட்டு வந்து சொல்லணுமாம்."

பக்கவாதமாம்! மே மாதமே வந்ததாம்! இடது கால் இன்னும் இழுக்கிறதாம்! ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவனுக்குத் தெரிகிறது, இத்தனை வருஷம் உன்னோடு குப்பை கொட்டிய எனக்குத் தெரியவில்லை. சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? நீ செத்துக் கிடந்திருந்தால் அதையும் மஞ்சள் தொப்பி போட்டவன் வந்துதான் எனக்குச் சொல்லியிருப்பானா? பாவி, நீயெல்லாம் ஒரு மனுஷனா?

அப்புறம் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். பட்டர்ஃபீல்ட் என் முதுகைத் தட்டி, "விடும்மா, அடுத்த வாரம் ஜெயிச்சுடுவாங்க" என்றார். பச்சை தோற்கிறதே என்று அழுகிறேனாம்.

நெல்டா


அக்டோபர் 9

நெல்டா,

டேரலுக்கு வாய் நீளம். அவனை நன்றாகத் திட்டிவிட்டேன்.

உன் பரிதாபம் எனக்கு வேண்டாம். நாற்பத்தோரு படி. ஒவ்வொரு வரிசைக்காரனும் என் அக்குளில் கை கொடுத்து ஏற்றிவிடுவான். மேலே நின்று நீ அதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. அதற்கு நீ என்னைத் திட்டுவதே மேல்.

தனி இடத்துக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டு இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். டிக்கெட் அலுவலகத்தில் கொடுத்துவிடு. இதோடு முடியட்டும்.

ஓர்வில்


அக்டோபர் 14

ஓர்வில்,

நீ அனுப்பியதைக் கிழித்துக் குப்பையில் போட்டாயிற்று.

டிக்கெட் அலுவலகத்துக்குப் போய் வடக்கு மூலையில் மூன்றாவது வரிசை கேட்டேன். அங்கே இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கேருந்து ஒண்ணுமே தெரியாதேம்மா. முன்னாடி பேண்டு வாசிக்கறவங்க நிப்பாங்க. யாரும் கேக்காத எடம் அது" என்றாள். எனக்குத் தெரியாதா என்ன? காது கிழியும், பாதி ஆட்டத்தை அவர்களின் பெரிய ஊதுகுழல் மறைத்துக்கொள்ளும். ஆனால் வாசலிலிருந்து சரிவுப் பாதை நேரே அங்கே போகிறது. உன் அக்குளில் எவனும் கை வைக்க வேண்டியதில்லை.

ஜோடி இடத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னுடையதுதான் பாக்கி. படிவத்தை டேரலிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் வலது கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன், சாக்குச் சொல்லாதே. அவனைத் திட்டினாயாமே, வெட்கமாக இல்லை?

பரிதாபமாம் பரிதாபம்! உன் மேல் எனக்கு இருப்பதெல்லாம் கோபம்தான். நாலு மணி நேரமும் கோபமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். விலா ஒரு தட்டு எடுத்து வைப்பேன், தின்றால் தின்னு, இல்லாவிட்டால் போ.

டச் டவுன் விழுந்தால் மட்டும், எழுந்திருக்கிறேன் பேர்வழி என்று விழுந்து வைக்காதே. உட்கார்ந்தே இரு. நான் குனிந்துகொள்கிறேன்.

நெல்டா